மூன்று வண்டிக்கு ஒரு செட்டு

அவன் வண்டி சுவரில் மோதிய சத்தத்தைவிட, மோதிய பிறகு அவன் நிமிர்ந்து பார்த்த பார்வைதான் மாளவிகாவுக்கு முதலில் உறைத்தது.

அதில் கோபம் இல்லை. திகைப்புதான். ஆசையாக வளர்த்த நாய் திடீரென்று கையைக் கடித்துவிட்டால் ஒருவன் எப்படிப் பார்ப்பானோ, அப்படி... கறுத்த முகத்தில் பெரிய கண்கள். மழைக்கு முன்னால் வானம் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்குமே, அந்த மாதிரிக் கண்கள்.

மெட்ராஸ் சென்னை ஆன வருஷத்து ஐப்பசி. கோட்டூர்புரத்தில் ஆற்றோரமாக, ஸ்கேட்டிங் பழக யாரும் வராமல் கிடந்த ஒரு சிமெண்டுத் தளம். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அங்கே ரிமோட் கார் பந்தயம் நடக்கும். நடத்துகிறவர் சுயம்புலிங்கம், வங்கி அதிகாரி, திருநெல்வேலிக்காரர், விசில் ஊதுவதற்கென்றே பிறந்தவர். பன்னிரண்டு பேர் வந்தால் அதிகம். அவர்களில் பெண் என்று பார்த்தால் மாளவிகா ஒருத்திதான். வீடு மயிலாப்பூர். தரமணியில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் கருவிகளைச் சரிபார்க்கிற வேலை. துபாயிலிருந்து மாமா தன் பிள்ளைக்கு அனுப்பிய கார் அந்தப் பிள்ளைக்குப் பிடிக்காமல் போய் இவள் கைக்கு வந்தது. இரண்டு வருஷத்தில் ஒன்று இரண்டாகியிருந்தது.

அந்தப் பந்தயத்துக்கு ஒரு விதி உண்டு. கையில் பிடிக்கிற செட்டுக்குள்ளும், ஓடுகிற வண்டிக்குள்ளும் ஜோடியாக ஒரு சின்னக் கிரிஸ்டல் இருக்கும். அதற்கு நிறம் உண்டு. மொத்தம் ஆறு நிறம். ஒரே நிறத்தில் இரண்டு பேர் செட்டைப் போட்டுவிட்டால் வண்டிக்கு யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் பைத்தியம் பிடித்ததுபோல் ஓடும். ஆகவே ஒரு மரப்பலகை. அதில் ஆறு நிறத்தில் ஆறு துணி கிளிப்புகள். தன் நிறத்துக் கிளிப்பை எடுத்துச் சட்டையில் மாட்டிக்கொண்ட பிறகுதான் யாரும் செட்டைத் தொடலாம். பலகைக்குப் பொறுப்பாளி மாளவிகா. இரண்டு வருஷத்தில் அவளிடம் திட்டு வாங்காதவர் அங்கே இல்லை. சுயம்புலிங்கமே ஒருமுறை வாங்கியிருக்கிறார்.

செம்பியன் அன்றுதான் முதல் முறையாக வந்திருந்தான். பக்கத்திலேயே ஹவுசிங் போர்டில் வீடு, கிண்டி எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிற வேலை. பர்மா பஜாரில் உடைசலாக வாங்கிய வண்டிகளுக்கு அலுமினியத்தில் தானே அச்சும் அடித்தட்டும் கடைந்து போட்டு, மூன்று வண்டி, மூன்று செட்டு என்று ஒரு சிமெண்டுக் கலர் பையில் அடுக்கிக்கொண்டு வந்தான். முதல் பந்தயத்திலேயே கடைசிச் சுற்று வரை அவன் மஞ்சள் வண்டிதான் முன்னால். திரும்புகிற இடங்களில் அது சறுக்கவே இல்லை. வண்டி அழகா, ஓட்டுகிற விரல் அழகா என்று மாளவிகா யோசித்துக்கொண்டே தன்னுடைய அடுத்த பந்தயத்துக்காகச் செட்டைப் போட்டுப் பார்த்தாள். அவள் வண்டி அசையவில்லை. பேட்டரி இறங்கியிருக்கும் என்று அரை நிமிஷத்தில் அணைத்தும்விட்டாள்.

அந்த அரை நிமிஷத்தில்தான் அவன் வண்டி பாதையைவிட்டுக் கிளம்பி, நேரே சுவரைத் தேடிப் போனது.

"யாரோ மஞ்சளைப் போட்டுட்டாங்க," என்றான் அவன். "யாருங்க அது?"

மாளவிகா எழுந்து நின்றாள். "மஞ்சள் கிளிப் உங்க சட்டையிலதான் இருக்கு. பலகையை நான் பாத்துண்டிருக்கேன், வேற யாரும் போடலை. உங்க செட்டுலதான் கோளாறு."

அவள் சொன்னால் சொன்னதுதான். யாரும் இன்னொரு வார்த்தை கேட்கவில்லை. பஜார் செட்டு பின்னே எப்படி இருக்கும் என்று ஒருவர் சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள். செம்பியன் தன் கையிலிருந்த செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"உள்ள வயரெல்லாம் நானே பத்தவச்சது மேடம்... கோளாறு வராதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு, உடைந்த முன்சக்கரத்தைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டான்.

வீட்டுக்குப் போய், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, தன் வண்டி ஏன் அசையவில்லை என்று பார்க்க மாளவிகா செட்டைத் திறந்தாள். ஏரியலில் நிறத்துக்கு அடையாளமாக ஆரஞ்சு நாடா. உள்ளே... மஞ்சள் கிரிஸ்டல்.

சனிக்கிழமை தன் இரண்டு செட்டையும், ஆரஞ்சையும் மஞ்சளையும், பிரித்து, பஞ்சால் துடைத்து, சுத்தமாக மாட்டி வைத்தது அவளேதான். சுத்தமாகத்தான் இருந்தது. இடம்தான் மாறியிருந்தது. அவள் சரியான கிளிப்பை எடுத்துச் சட்டையில் மாட்டிக்கொண்டு, அவனுடைய நிறத்தைப் போட்டிருக்கிறாள்.

அடுத்த ஞாயிறு சொல்லிவிட வேண்டும் என்று அப்போதே தீர்மானித்தாள். தீர்மானிப்பது அவளுக்கு எப்போதும் சுலபம்.

ஆனால் ஞாயிறு வருவதற்கு முன்னால் சனிக்கிழமை வந்தது.

தி.நகர் பாண்டி பஜாரில், ஒரு துணிக்கடையின் மாடியில், உமர் ஃபாரூக் பாயின் கடை. சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் போய்வந்துகொண்டிருப்பவர். ரிமோட் காருக்கு எந்தச் சாமான் வேண்டுமானாலும் அவரிடம்தான். மாளவிகா பேட்டரி வாங்கப் படியேறினாள். பின்னாலேயே மழை கொட்ட ஆரம்பித்தது. படியின் உச்சியில் தலையைத் துவட்டிக்கொண்டு ஒருவன் நின்றான். துவட்டிய கைக்குட்டையை எடுத்ததும்... அந்தக் கண்கள்.

"இன்னா மேடம், இங்கயும் பலகை மாட்டிட்டீங்களா?" என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. அதற்குள் அவன் பேச ஆரம்பித்துவிட்டான். செட்டில் கோளாறு என்று அவள் சொன்னதும்தான் தனக்குப் புத்தி வந்ததாம். மூன்று வண்டிக்கு மூன்று செட்டை வைத்துக்கொண்டு அல்லாடுவதைவிட, மூன்றுக்கும் சேர்த்து நல்லதாக ஒன்று வாங்கிவிடலாம் என்றிருக்கிறானாம். தீபாவளி போனஸ் வருகிறது. பழைய மூன்றையும் பாய் எடுத்துக்கொள்வார். இரண்டு வாரத்தில் சிங்கப்பூர் போகிறார், கொண்டுவந்து தருவார். எதை வாங்குவது என்பதுதான் தெரியவில்லை.

"உங்களுக்குத் தெரியும்ல. நீங்களே ஒண்ணு பாத்துச் சொல்லுங்க," என்றான்.

இப்படிக் கேட்பவனிடம் எப்படிச் சொல்வது? மழை விடட்டும் என்று நினைத்தாள். மழை விடவில்லை.

பாய் ஜப்பான் கேட்லாக்கைக் கண்ணாடி மேஜைமேல் விரித்தார். கூடவே, கடையில் மாதிரிக்கு இருந்த இரண்டு செட்டையும் எடுத்து வைத்தார். ஒன்று இரண்டு கட்டைவிரலாலும் குச்சியைத் தள்ளுகிற பெட்டி. இன்னொன்று துப்பாக்கி மாதிரிப் பிடித்து, விசையை இழுத்து, பக்கத்திலிருக்கிற சின்னச் சக்கரத்தைத் திருப்புகிற செட்டு. சக்கரத்தைத் திருப்பினால் வண்டி திரும்புவது கைக்கு இயல்பாக வரும் என்றாள் மாளவிகா. ஆனால் லேத் ஓட்டுகிறவனுக்கு விரல் நுனியில்தான் எல்லாம். குச்சிதான் சௌகரியம் என்றான் அவன். பத்து நிமிஷம் கையிலேயே வைத்திரு, மணிக்கட்டு வலிக்கிறதா பார் என்றார் பாய். அவன் ஒழுங்குப் பிள்ளையாய் இரண்டு செட்டையும் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு கடை நடுவில் நின்றான். அந்தப் பத்து நிமிஷமும் மாளவிகா கேட்லாக்கைப் படித்ததாகத்தான் பேர். ஒரு வரிகூட ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவன் பந்தயத்துக்கு வரவில்லை. நல்ல செட்டு வந்த பிறகுதான் வருவான் என்று யாரோ சொன்னார்கள். மாளவிகா பலகையை மாட்டினாள். எல்லாரும் அவளிடம் வந்து பயபக்தியோடு கிளிப் வாங்கிப் போனார்கள். அவள் யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. உடம்பு சரியில்லையா என்று சுயம்புலிங்கம் விசாரித்தார்.

இரண்டாவது சனிக்கிழமையும் மழை. எந்தச் செட்டு என்று இன்னும் முடிவாகவில்லை, மறுபடி பாய் கடைக்கு வாங்க என்று அவன் கேட்டிருந்தான். அவன் இரண்டு மணி நேரம் முன்னதாகவே வந்து காத்திருந்ததாகப் பாய் கண்ணைச் சிமிட்டினார். அன்றைக்குப் பேச்சு ஞாபகசக்தியைப் பற்றி. மனுஷருடையது இல்லை, செட்டுடையது. புதிதாக வந்திருக்கிற செட்டுகளில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பேர் போட்டு வைத்துக்கொள்ளலாம். எந்த வண்டி எவ்வளவு வளைய வேண்டும், எது இழுத்தவுடன் பாய வேண்டும், எது நிதானமாகக் கிளம்ப வேண்டும் என்று அதுவே ஞாபகம் வைத்துக்கொள்ளும். வண்டிக்குள் இருக்கிற ரிசீவரையும் அதே கம்பெனியில் வாங்கிவிட்டால் மூன்றிலும் ஒரே நிறக் கிரிஸ்டல் போதும்.

"ஒண்ணுதான் கவனிக்கணும்," என்றாள் மாளவிகா. "மண்ணுல ஓட்டற வண்டியோட பேரை வச்சிண்டு சிமெண்டுல ஓட்டற வண்டியை எடுத்தேள்னா, இடது பக்கம் திருப்பினா வலது பக்கம் போகும்."

"எங்க வீட்டுக்காரங்க எல்லாம் அப்படித்தான் கீறாங்க, எனக்குப் பழக்கம்தான்," என்றான் அவன்.

அவள் சிரித்தாள். வாய்விட்டு, பாய் திரும்பிப் பார்க்கும்படி... அவள் இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே ஞாபகமில்லை.

படியிறங்கி, பஸ் ஸ்டாப் வரைக்கும் அவள் குடைக்குள் இரண்டு பேர். அவன் பாதி தோள் வெளியில் நனைந்தது. குடையை இந்தப் பக்கம் சாய்த்தால் அவன் அந்தப் பக்கம் சாய்த்தான். ரோட்டோரத்து வளையல் கடைகளின் பிளாஸ்டிக் கூரைமேல் மழை தட்டியது. தண்ணீரில் சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் கரைந்து ஓடின. இந்த ரோடு இன்னும் கொஞ்சம் நீளமாக இருக்கக்கூடாதா...

"ஒண்ணு சொல்லட்டா?" என்றான் அவன். "அன்னிக்கி நீங்க சொன்னதிலேர்ந்து என் கை மேலயே எனக்கு டவுட்டு மேடம். முன்னாடி ஒரு தபா அளந்தா போதும் எனக்கு. இப்போ ஒவ்வொரு பீஸையும் மூணு தபா அளக்குறேன். சூப்பர்வைசர் கேக்குறார், இன்னாடா ஆச்சு உனக்குன்னு."

குறையாகச் சொல்லவில்லை. சும்மா, பக்கத்தில் நடக்கிற ஒருத்தியிடம் மனசில் இருப்பதைச் சொல்கிற மாதிரி சொன்னான். அதுதான் தாங்க முடியவில்லை. மழைச் சத்தத்தில் கேட்காததுபோல் மாளவிகா தலையைக் குனிந்துகொண்டாள். பஸ் வந்தது. ஏறிவிட்டாள். ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தபோது அவன் நனைந்துகொண்டே கையை ஆட்டினான்.

ஏன் சொல்லவில்லை? வீடு வரும் வரைக்கும் அதையே கேட்டுக்கொண்டாள். அவள் பேச்சுக்கு அந்தத் தளத்தில் ஒரு மரியாதை இருக்கிறது. மாளவிகா சொன்னால் தப்பாக இருக்காது என்கிற அந்த மரியாதையில்தான் இரண்டு வருஷமாகத் தலை நிமிர்ந்து நடக்கிறாள். அது போய்விடும். போகட்டும் என்றுகூடத் தோன்றியது. ஆனால் உண்மையைக் கேட்டதும் அவனும் போய்விட்டால்...?

மூன்றாவது சனிக்கிழமை. திங்கட்கிழமை பாய்க்கு விமானம். செம்பியன் சிமெண்டுக் கலர் பையைத் திறந்து மூன்று செட்டையும் வரிசையாகக் கண்ணாடிமேல் வைத்தான். மஞ்சள் நாடா கட்டியதைக் கடைசியாக வைத்தான். அதன் பெட்டி அலுமினியம். அவனே வளைத்து, மூலைகளை விரல் குத்தாமல் மழுக்கியிருந்தான். பாய் அதை உதிரி பாகத்துக்காகப் பிரிப்பதாகச் சொன்னார். ஸ்க்ரூ டிரைவரைக்கூட எடுத்துவிட்டார்.

மாளவிகாவின் கை அவளைக் கேட்காமல் போய் அந்தப் பெட்டியின்மேல் உட்கார்ந்தது.

"இதுல கோளாறு இல்லை," என்றாள். "அன்னிக்கு மஞ்சளைப் போட்டது நான்தான். என் செட்டுல கிரிஸ்டல் மாறிப்போயிருந்தது. ஆத்துக்குப் போய்த்தான் பாத்தேன்."

பாய் ஸ்க்ரூ டிரைவரை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, உள்ளே ஏதோ தேடுகிற சாக்கில் போய்விட்டார்.

"எப்போ பாத்தீங்க?"

"அன்னிக்கே."

செம்பியன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அந்தக் கண்களில் இப்போதும் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூன்று செட்டையும் ஒவ்வொன்றாகப் பைக்குள் எடுத்து வைத்தான்.

"என் செட்டு கோளாறுன்னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க," என்றான். "அது கோளாறு இல்லேன்னு என் காதுல மட்டும் சொன்னா எப்படிங்க?"

மேடம் என்றுகூடச் சொல்லவில்லை. படியிறங்கிப் போனான். மழை அவனை வாங்கிக்கொண்டது.

மறுநாள் காலை தூறல். தளம் ஈரம் காயட்டும் என்று எல்லாரும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே ஒதுங்கி நின்றார்கள். மாளவிகா வாசலையே பார்த்தாள். அவன் வரவில்லை. வருவான் என்று எதிர்பார்க்கவும் அவளுக்கு நியாயமில்லை. அவன் இல்லாதபோது சொல்லி என்ன பிரயோசனம், அடுத்த வாரம் வந்தால் சொல்லலாம் என்று மனசு நைசாகப் பேசிப் பார்த்தது. மூன்று வாரமாக இதே மனசுதான் பேசிக்கொண்டிருக்கிறது.

சுயம்புலிங்கத்திடம் விசிலைக் கேட்டு வாங்கி, ஊதினாள். எல்லாரும் திரும்பினார்கள்.

நடந்ததை நடந்தபடி சொன்னாள். சனிக்கிழமை துடைத்தது, கிரிஸ்டல் மாறியது, அரை நிமிஷம், சுவர். அன்றைக்கே தெரிந்தும் மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தது. செம்பியனின் செட்டில் ஒரு குறையும் இல்லை என்பது. பஜார் செட்டு என்று சிரித்தவரைப் பார்த்தே அதைச் சொன்னாள். அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். சொல்லி முடித்து, பலகையைக் கழற்றிச் சுயம்புலிங்கத்திடம் நீட்டினாள்.

அவர் பலகையை வாங்கவில்லை, விசிலை மட்டும் வாங்கிக்கொண்டார். "இத ஏம்மா என்கிட்ட நீட்டுத?" என்றார். "தப்பு பண்ணுனவதான் இனிமே ஒழுங்கா பாப்பா. மாட்டு, மாட்டு."

சிலர் சிரித்தார்கள். சிலர் சிரிக்கவில்லை. ஒருவர் தன் கிளிப்பை அவளிடம் வாங்காமல் தானே எடுத்துக்கொண்டார். வலித்தது. வலிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

முதல் பந்தயம் முடிகிற நேரத்தில் வாசலில் சைக்கிள் வந்து நின்றது. கேரியரில் சிமெண்டுக் கலர் பை. சுயம்புலிங்கம் விசிலோடு அவளைப் பார்த்து, அந்தப் பையன் கேட்கவில்லையே, மறுபடி ஒருமுறை சொல்லிவிடு என்றார். அவள் எழுந்து நின்றாள், முதலிலிருந்து சொல்லவும் தயாராக.

"வேணாம் சார்," என்றான் செம்பியன். "டீக்கடைல ரெண்டு பேரு சொல்லிட்டாங்க. அந்தம்மா நான் இல்லாதப்பவே சொல்லிட்டாங்களாம்."

அவன் மஞ்சள் கிளிப்பை அவள் கையிலிருந்து வாங்கிச் சட்டையில் மாட்டினான். தன் கையால் செய்த செட்டை எடுத்தான். ஈரத் தளத்தில் அந்த வண்டி தனியாக மூன்று சுற்றுச் சுற்றியது. தண்ணீரைச் சன்னமாகத் தெறித்துக்கொண்டு, சுவரோரம் விரற்கடை இடம்விட்டு வளைந்து, கோட்டுக்கு நேராக வந்து நின்றது. அவன் செட்டைப் பார்க்கவில்லை, தன் கையைத்தான் பார்த்தான்.

பிறகு தூறல் வலுத்தது. எல்லாரும் கூரையின் ஒரு முனையில் டீக்கு நெருக்கியடித்தார்கள். இவள் மறுமுனையில், வண்டியைத் துடைக்கிற பாவனையில்... அவன் வந்து பக்கத்தில் நின்றான். கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் சரம் சரமாக இறங்கியது.

"மொத நாளு கடையிலயே சொல்லியிருக்கலாம்ல?" என்றான்.

"சொல்லியிருக்கணும். மரியாதை போயிடுமேன்னு பயந்தேன்." துணியைக் கையில் சுற்றினாள், பிரித்தாள். "அப்புறம் அது போனா போகட்டும்னு ஆயிடுத்து. நீங்க வர மாட்டேளேன்னுதான் பயம்."

அவன் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கை மட்டும் காது மடலைத் தடவியது.

"நானும் ஒண்ணு மறைச்சிட்டேங்க," என்றான். "எந்தச் செட்டுன்னு மொத சனிக்கிழமையே முடிவாயிடுச்சு. அந்தத் துப்பாக்கிச் செட்டுதான். கையில புடிச்ச உடனே தெரிஞ்சிபோச்சு. அப்புறம் வந்ததெல்லாம் செட்டு பாக்க இல்ல."

"பின்னே எதுக்கு வந்தேள்?"

கேட்டுவிட்டு நிமிர்ந்தாள். அவன் கண்கள் இந்த முறை நகரவில்லை.

"உங்களைப் பாக்கத்தான். உங்களைப் புடிச்சிருக்கு. நேத்து கோவத்துல போனப்போகூடப் புடிச்சிருந்துச்சு, அதான் ராவெல்லாம் கஷ்டமாப்போச்சு."

டீ ஆறுகிறது, வாருங்கள் என்று அந்த முனையிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் அசையவில்லை. மாளவிகா இரண்டு வருஷமாக எல்லாரையும் அதட்டிய குரல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இருந்ததை வைத்துக்கொண்டு, மழைக்கும் அவனுக்கும் மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"நானும் முதல் சனிக்கிழமையே முடிவு பண்ணிட்டேன்... செட்டை இல்லை."